புழுவுக்கு உத்தரவு போடுவது யார்?



எங்கள் புளியந்தோப்பில் பெயரில்தான் தோப்பு இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் செடி வளர்க்க வேண்டுமானால் பழைய பெயிண்ட் டப்பாதான் கதி. அப்படி ஒரு டப்பாவில் எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. ஒரு நாள் அதன் இலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தேன். எச்சம் மெல்ல நகர்ந்தது!

அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு. பறவைகளிடமிருந்து தப்பிக்கத்தான் இந்த வேடம். "மருந்து அடித்து விடுங்கள்" என்றார்கள் பக்கத்து வீட்டில். நான் அடிக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தின்பதே வேலை

புழுவுக்கு இரவு பகல் பாராமல் தின்பது மட்டுமே வேலை. பட்டுப்புழு சுமார் 25 நாளில் பிறந்தபோது இருந்ததைப் போல 10,000 மடங்கு எடை கூடிவிடும்! உடம்பு பெருக்கும், தோல் பெருக்காது. அதனால் நான்கு முறை சட்டையைக் கழற்றுவது போலத் தோலை உரித்துப் போடும். ஐந்தாவது முறை உரிக்கும்போது புழுவாக இருக்காது, கூட்டுப்புழு ஆகிவிடும்.

"இப்போது தோலை உரி, இப்போது கூடாக மாறு" என்று அதற்கு உத்தரவு போடுவது யார்?

நூல் கட்டிய விஞ்ஞானி

போலந்து நாட்டு விஞ்ஞானி ஸ்டெபான் கோபெச் இதைக் கண்டறிய ஒரு சோதனை செய்தார். முழு வளர்ச்சியை நெருங்கிய புழுவின் நடுவில் நூலால் இறுக்கிக் கட்டினார். முன்பாதி கூட்டுப்புழுவாக மாறியது. பின்பாதியோ புழுவாகவே நின்றுவிட்டது! சில நாள் தாமதித்துக் கட்டியபோது இரண்டு பாதிகளும் மாறின. அப்படியானால் தலைப் பக்கமிருந்து ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் கலந்து பின்னால் போகிறது என்று புரிந்துகொண்டார். 1917இல் வெளியான செய்தி இது. (இதை நீங்கள் செய்து பார்க்கக் கூடாது. புழு பாவம்!)

இப்படி ரத்தத்தில் கலந்து உத்தரவு கொண்டு போகும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். தோலுரிக்கச் சொல்வது எக்டைசோன். 1954இல் ஜெர்மனியில் புடேனண்ட், கார்ல்சன் என்ற இருவர் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது எவ்வளவு தெரியுமா? வெறும் 25 மில்லிகிராம்!

இன்னொன்று இளமை ஹார்மோன். "இன்னும் கொஞ்ச நாள் புழுவாகவே இரு" என்று சொல்வது இதுதான். இது குறைந்த பிறகு எக்டைசோன் சுரந்தால் புழு கூட்டுப்புழுவாகிவிடும்.

புதுக் குடல்

புழுவின் குடல் சுவரில் பெரிய செல்கள் இலையைச் செரிக்கின்றன. அவற்றின் அடியில் ஸ்டெம் செல்கள் என்ற சின்னச் செல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு தோலுரிப்பின்போதும் இவை பெருகிக் குடலைப் பெரிதாக்கும். கூட்டுக்குள் பழைய செல்கள் உதிர, இவையே புதுக் குடலைக் கட்டும். இலை தின்ற புழு இனித் தேன் குடிக்க வேண்டுமே!

அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் மார்சியா லோப் குழுவினர் இந்தக் குடல் செல்களை மட்டும் தனியே எடுத்து வளர்த்தார்கள். பூச்சியின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த சாற்றையும் எக்டைசோனையும் சேர்த்தபோது ஸ்டெம் செல்கள் பெருகின. சாற்றில் இருந்த அரைல்போரின் என்ற புரதம் செல்களைப் பெருகத் தூண்டுகிறது என்று பிறகு தெரிந்தது. இது புழு உடம்பில் சேமித்து வைக்கும் புரதம். சேமித்த சாப்பாடே "வளர்" என்று செய்தியும் சொல்கிறது, பார்த்தீர்களா!

இதனால் என்ன பயன்? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழுக்கள் ஆளுக்கொரு நேரம் கூடு கட்டினால் வேலை இழுக்கும். மைசூர் பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'சம்பூர்ணா' செடியிலிருந்து எடுத்த எக்டைசோன் வகைப் பொருள். அதை மல்பெரி இலையில் தெளித்துக் கொடுத்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகக் கூடு கட்டும்.

நீங்களும் பாருங்கள்

கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ புழு இருந்தால் தொடாமல் தினமும் பாருங்கள். நீளத்தையும் நிறத்தையும் நோட்டில் எழுதுங்கள். எச்ச நிறம் ஒரு நாள் பச்சையாகும். அதுவும் ஹார்மோன் வேலைதான்.

எங்கள் புழு செடியில் பாதியைத் தின்றது. பிறகு கூடாகித் தொங்கியது. ஒரு காலையில் கறுப்பும் மஞ்சளுமாய்ச் சிறகு விரித்துப் பறந்தது. பத்தே நாளில் செடி மறுபடி துளிர்த்துவிட்டது. மருந்து அடித்திருந்தால் புழுவும் போயிருக்கும்; அந்த இலையை ரசத்தில் போடவும் முடியாது. இப்போது சொல்லுங்கள், நான் செய்தது சரிதானே?