ருஷ்யத் திரைப்படங்களும் இடைமொழிவழி மொழிபெயர்ப்பும்

சோவியத் ஒன்றியத்தில் 1950களின் பிற்பகுதி முதல் 1980கள் வரை உருவான கலைத் திரைப்படங்கள் திரைப்படச் சங்கங்கள் வழியாகவும் விழாக்கள் வழியாகவும் இந்தியப் பார்வையாளரை அடைந்தன. ருஷ்யப் புனைகதைகளைத் தமிழாக்கி வெளியிட மாஸ்கோவில் பதிப்பகங்கள் இருந்தன. திரைப்படங்களைப் பொறுத்தவரையில் ஆங்கிலத் துணைத்தலைப்புகளே பெரும்பாலும் இடைமொழியாக நின்றன. இதன் விளைவு சிந்திக்கத்தக்கது. ருஷ்ய மொழியிலும் தமிழிலும் உள்ள சில இலக்கணக் கூறுகள் ஆங்கிலத்தில் இல்லை. எனவே தமிழ் எளிதில் ஏற்றுக்கொள்ளக்கூடிய பொருள்கூட இடைவழியில் உதிர்ந்துவிடுகிறது. இவ்விழப்பு எவ்வெவ்விடங்களில் நேர்கிறது என்பதையும், அதை ஈடுசெய்யும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தலைப்புகள்

மிகைல் கலாத்தோசவ் இயக்கி, 1958இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்ற படம் 'லெத்யாத் ஜுராவ்லி' (1957). போருக்குச் சென்ற காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை இது. தலைப்பில் வினை முன்னும் எழுவாய் பின்னும் வருகின்றன. 'லெத்யாத்' என்பது பொதுவாகப் பறத்தலைக் குறிக்கும் வினையன்று. ஒரு திசை நோக்கிப் பறந்துகொண்டிருத்தலைக் குறிப்பது. அங்குமிங்கும் பறத்தலைக் குறிக்க ருஷ்யத்தில் வேறொரு வினை உண்டு. ஆங்கிலத் தலைப்பு இவ்வேறுபாட்டையும் சொல்வரிசையையும் காட்டவில்லை. தமிழோ 'செல்' என்னும் துணைவினையைக் கொண்டு திசையையும், வினையை முன்னிறுத்தி வரிசையையும் ஒருசேரக் காக்க வல்லது: 'பறந்து செல்கின்றன நாரைகள்'.

பறவையின் பெயரும் கருதத்தக்கது. பிரெஞ்சு மொழியில் இப்பறவைக்கான சொல்லுக்கு இழிபொருள் ஒன்றும் உண்டு. ஆதலால் பிரெஞ்சுத் தலைப்பில் வேறொரு பறவை இடம்பெற்றது. தமிழில் 'கொக்கு' என்பது மீனுக்காகக் காத்து நிற்கும் தந்திரத்தை நினைவூட்டுவது. 'நாரை'யோ சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூதுவிட்ட பறவை, பிரிவுத்துயரோடு பிணைந்தது. ஆகவே இங்கு நாரையே பொருந்தும்.

ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் திரைப்படக் கொள்கை நூலின் ருஷ்யத் தலைப்பு 'ஸப்பெச்சத்ல்யோன்னயே வ்ரேம்யா'. முதற்சொல் முத்திரை என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த செயப்பாட்டு எச்சம். 'பொறிக்கப்பட்ட காலம்' என்பது இதற்கு நெருங்கிய தமிழ். ஆங்கிலப் பதிப்பின் தலைப்போ காலத்தைச் செதுக்கும் செயலைக் கூறுகிறது. சிற்பியின் உவமை நூலுக்குள் இருப்பதால் அத்தலைப்பு ஆதாரமற்றதன்று. எனினும் ருஷ்யத் தலைப்பில் காலமே மையம்; கலைஞன் மறைந்து நிற்கிறான். ஆங்கிலத் தலைப்பில் கலைஞனின் கை முன்வருகிறது. ஆங்கிலத்தை மட்டும் பின்பற்றும் தமிழாக்கம் நூலின் கொள்கையையே ஒருபுறம் சாய்த்துவிடும்.

எலெம் கிளீமவின் 'இதி இ ஸ்மத்ரி' (1985) விவிலியத்தின் திருவெளிப்பாடு ஆறாம் அதிகாரத்திலுள்ள அழைப்பைத் தலைப்பாகக் கொண்டது. ருஷ்யத்தில் இவை இரண்டும் ஒருமை ஏவல் வினைகள். ஆங்கில ஏவலில் ஒருமை, பன்மை வேறுபாடு இல்லை. தமிழில் 'வந்து பார்', 'வந்து பாருங்கள்' என்னும் இரண்டுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். மூலத்தை அறிந்தவர்க்கு 'வந்து பார்' என்பதே சரி. நாசிப் படைகளின் கொடுமையைக் காணும் ஒரு சிறுவனை, அவன்வழிப் பார்வையாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைக்கும் குரல் அது.

2. விளிப்பும் பெயர்களும்

ருஷ்யத்தில் முன்னிலைப் பெயர்கள் இரண்டு: ஒருமையும் நெருக்கமும் குறிக்கும் 'தி', பன்மையும் மரியாதையும் குறிக்கும் 'வி'. ஆங்கிலத் துணைத்தலைப்பில் இரண்டும் ஒன்றாகின்றன. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்பவை ஆயத்தமாக உள்ளன. ஆனால் இவற்றை ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திவிட முடியாது. ருஷ்யப் பிள்ளைகள் தாய், தந்தை இருவரையும் பொதுவாக 'தி' என்றே விளிப்பர். தமிழில் தாய்க்கு 'நீ' பொருந்தும் குடும்பங்கள் பலவற்றில்கூடத் தந்தைக்கு 'நீங்கள்' என்பதே வழக்கு. மொழிபெயர்ப்பாளர் காக்க வேண்டியது சொல்லை மட்டுமன்று. ஓர் உரையாடலுக்குள் நிகழும் மாற்றத்தை. 'வி'யிலிருந்து 'தி'க்கு இறங்குவது நட்பாகலாம், அவமதிப்பும் ஆகலாம்.

தார்க்கோவ்ஸ்கியின் 'ஸேர்க்கலா' (கண்ணாடி, 1975) இச்சிக்கலைக் கூர்மையாக்குகிறது. அதில் மார்கரீத்தா தெரெகவா இளமைக்காலத் தாயாகவும் கதைசொல்லியின் மனைவியாகவும் நடிக்கிறார். மகன் இக்னாத்தாகவும் இளம்பருவக் கதைசொல்லியாகவும் ஒரே சிறுவன் தோன்றுகிறான். ஆகவே இது எந்தக் காலம், இவர் யார் என்பதை உணர்த்துவதில் விளிப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. மரியா என்னும் பெயர் மாஷா எனவும் மரூஸ்யா எனவும் திரியும் என்பதை அறியாதவர் மூவர் இருப்பதாகவே எண்ணக்கூடும். அச்சகக் காட்சியில் தோழி அவளைத் தஸ்தயேவ்ஸ்கியின் நாவல் பாத்திரமான மரியா திமஃபேயவ்னாவோடு ஒப்பிடுகிறாள். தந்தைவழிப் பெயரோடு வரும் அவ்விளிப்பே குத்தலின் கருவி. அதனை வெறும் 'மரியா' என்று சுருக்கினால் ஏச்சின் முனை மழுங்கும்.

3. ஆற்றலை உணர்த்தும் வினை

அதே படத்தின் முன்னுரைக் காட்சியில், திக்குவாய் கொண்ட ஓர் இளைஞன் மருத்துவரின் சிகிச்சைக்குப் பின், தன்னால் பேச இயலும் என்று தெளிவாகக் கூறுகிறான். ருஷ்ய வாக்கியம் மூன்றே சொற்களால் ஆனது. தன்மை ஒருமைப் பெயர் எழுவாயாக முதலில் நிற்கிறது. இயல்பான தமிழில் 'என்னால் பேச முடியும்' என்று அமையும்போது 'நான்' எழுவாய் நிலையிழந்து மூன்றாம் வேற்றுமை ஏற்கிறது. 'நான் பேசுவேன்' என்பது எழுவாயைக் காக்கும். ஆனால் ஆற்றலுக்கு மாறாக எதிர்காலத்தையோ உறுதிமொழியையோ உணர்த்தும். 'நான் பேச வல்லேன்' இரண்டையும் காக்கும். ஆயின் அந்த இளைஞனின் வாயில் அது செய்யுள் நடையாக ஒலிக்கும். முதல் வடிவமே ஏற்புடையது. இங்கு இழப்பு இலக்கு மொழியின் அமைப்பால் நேர்வது, இடைமொழியால் நேர்வதன்று. இவ்விருவகை இழப்புகளையும் வேறுபடுத்தி அறிதல் ஆய்வாளர்க்கு இன்றியமையாதது.

4. கவிதையும் குரலும்

'ஸேர்க்கலா'வில் இயக்குநரின் தந்தையும் கவிஞருமான அர்சேனி தார்க்கோவ்ஸ்கி (1907–1989) தம் கவிதைகள் நான்கைத் தம் குரலிலேயே படிக்கிறார். பல்லாண்டுகள் கீழைநாட்டுக் கவிதைகளை ருஷ்யத்தில் பெயர்த்தவர் அவர். அவருடைய சொந்தக் கவிதைகளின் முதல் தொகுதி 1962இல்தான் வெளிவந்தது. பார்வையாளர் துணைத்தலைப்பைப் படிக்கையில் காட்சியை இழக்கின்றனர். காட்சியை நோக்கினால் கவிதையை இழக்கின்றனர். ஆதலின் இத்தகைய இடங்களில் சந்தத்தைப் போலி செய்வதைவிட, வரியளவு குறைந்த, குரலின் நிறுத்தங்களோடு ஒத்துச் செல்லும் உரைநடைத் தமிழே பயன்தரும்.

இதே படத்தில் இக்னாத் உரக்கப் படிக்கும் கடிதம், புஷ்கின் 1836இல் சாதயேவுக்கு எழுதியது. அதன் மூலம் பிரெஞ்சு மொழி. படத்தில் ஒலிப்பதே ருஷ்ய மொழிபெயர்ப்பு. ஆங்கிலவழித் தமிழாக்கம் இங்கு மூன்றாம் கைமாற்றாகிறது.

இத்தாலியில் உருவான 'நொஸ்தால்கியா' (1983) மொழிபெயர்ப்பையே பேசுபொருளாக்குகிறது. ருஷ்யக் கவிஞர் கர்ச்சக்கோவ், தம் மொழிபெயர்ப்பாளரான எவுஜேனியா அர்சேனியின் கவிதைகளை இத்தாலியப் பெயர்ப்பில் படிப்பதை ஏற்பதில்லை. கவிதை பெயர்க்க இயலாதது என்கிறார். அவ்வாறாயின் ஒருவரையொருவர் அறிவது எவ்வாறு என்னும் வினா எழுகிறது. இத்தாலிய ஒலிப்பில் இச்சொல் 'ஜி' பெறும். ருஷ்யத்தில் வல்லொலியான 'கி' பெறும். ருஷ்ய ஒலிப்பைக் காட்டவே தலைப்பில் ஓர் எழுத்து கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. 'நொஸ்தால்ஜியா' என்னும் தமிழ் ஒலிபெயர்ப்பு அந்நோக்கத்தை அழித்துவிடும்.

5. சோவியத் என்பது ருஷ்யம் மட்டுமன்று

செர்கேய் பராஜானவின் 'மறக்கப்பட்ட மூதாதையரின் நிழல்கள்' (1965) உக்ரைனிய எழுத்தாளர் கத்சியுபீன்ஸ்கியின் குறுநாவலைத் தழுவியது. கார்ப்பாத்திய மலைவாழ் ஹுத்சுல் மக்களின் வட்டார வழக்கில் அமைந்தது. அதனை ருஷ்யத்தில் குரல்மாற்றம் செய்யப் பராஜானவ் இணங்கவில்லை. அவரது அடுத்த புகழ்பெற்ற படம் ஆர்மேனியம், ஜார்ஜியம், அஸர்பைஜானியம் ஆகிய மும்மொழிகளிலும் பாடிய 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சயாத் நோவாவைப் பற்றியது. கவிஞரின் பெயரே தலைப்பாக இருந்தது. அது 'மாதுளையின் நிறம்' என மாற்றப்பட்டது. இவற்றை 'ருஷ்யப் படங்கள்' என அழைப்பது மொழியியல் நோக்கில் பிழை. மேலும், வட்டார வழக்கைப் பொதுத்தமிழில் பெயர்ப்பதும் ஒருவகைக் குரல்மாற்றமே.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முன்னிலை வேறுபாடு, ஏவலின் எண், சொல்வரிசை, வினையின் திசை ஆகியவற்றில் தமிழ் ஆங்கிலத்தைவிட ருஷ்யத்துக்கு அணுக்கமாகச் செல்ல இயலும். எழுவாய், வேற்றுமை போன்றவற்றில் இழப்பு தவிர்க்க இயலாதது. அதனை அறிந்தே ஏற்கவேண்டும். ருஷ்யம் அறியாத மொழிபெயர்ப்பாளர்கூட ஆங்கிலத் துணைத்தலைப்போடு மூல உரையாடற் பிரதியை வைத்து, முன்னிலைப் பெயர்களையும் ஏவல் வினைகளையும் ருஷ்யம் அறிந்த ஒருவரின் துணையோடு குறித்துக்கொள்ளலாம். உழைப்பு சிறிது, பயனோ, திரையில் ஒருவர் மற்றவரை எவ்வாறு அழைத்தார் என்பது தமிழ்ப் பார்வையாளருக்குத் தெரிய வருவது.