மலை தாங்கும் பாலம்

சீனாவின் ஹூனான் மாகாணத்தில் டெஹாங் பள்ளத்தாக்கைக் கடக்கிறது ஐஜாய் தொங்குபாலம். ஒரு மலைச் சுரங்கத்திலிருந்து வெளிப்படும் வாகனங்கள், 300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர் மலையின் சுரங்கத்துக்குள் நுழைகின்றன. 2012-ல் திறக்கப்பட்ட இப்பாலத்தின் இரு கோபுரங்களுக்கும் இடையே 1,176 மீட்டர் தூரம். ஆனால், வடங்களில் தொங்கும் சாலையின் நீளம் ஏறத்தாழ 1,000 மீட்டர்தான். மிச்சத் தூரத்தில் வடம் மட்டுமே செல்கிறது, சாலை இல்லை. ஏன் இப்படி?

ஆழமான பள்ளத்தாக்கில் நடுவே தூண் எழுப்புவது கடினம். அதனால்தான் தொங்குபாலம். சாலையின் எடை தொங்குகம்பிகள் வழியே வடத்துக்கும், வடத்திலிருந்து கோபுரங்களுக்கும் நங்கூரங்களுக்கும் போகிறது. ஈரத்துணி காயும் கொடியை விறைப்பாகக் கட்டினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருமே, வடத்திலும் அதே கதைதான். சாலையும் வாகனங்களுமாக 10,000 டன் என்று வைத்துக்கொள்வோம். வடத்தின் தொய்வு, பால நீளத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஒவ்வொரு முனையிலும் கிடைமட்ட இழுவிசை 12,500 டன். தொய்வைப் பாதியாகக் குறைத்தால் அது 25,000 டன்னாகிவிடும். சமவெளியில் இந்த இழுப்பைத் தாங்கப் பிரம்மாண்டமான கான்கிரீட் பாளம் வேண்டும். உறுதியான பாறை கிடைத்தால் மலையைக் குடைந்து வடத்தை அதற்குள்ளேயே பூட்டிவிடலாம்.

ஐஜாயில் கோபுரங்களைச் சாலை மட்டத்தில் நிறுத்தியிருந்தால் மலைச்சரிவைப் பெருமளவு வெட்டியிருக்க வேண்டும். பொறியாளர்கள் கோபுரங்களைச் சரிவின் மேலே ஏற்றிவிட்டு, சாலையைக் கீழே சுரங்க வாயிலோடு முடித்துக்கொண்டார்கள். இதில் ஒரு சிக்கல்: சாலை முடியும் இடத்துக்கு அப்பால் வடம் சுமையின்றி நீள்வதால், பாலத்தின் ஓரங்களில் உள்ள தொங்குகம்பிகள் சீராகச் சுமை ஏற்காது. எனவே அந்தப் பகுதியில் வடத்தைக் கம்பிகளால் கீழே உள்ள பாறையோடு இழுத்துக் கட்டினார்கள்.

அடுத்த எதிரி காற்று. 1940 நவம்பரில் அமெரிக்காவின் டகோமா பாலம் புயல்கூட இல்லாத காற்றில் முறுக்கிக்கொண்டு உடைந்தது. அதன் சாலையைத் தாங்கிய மெல்லிய விட்டங்கள் இடைவெளியற்ற தகடுகளாக இருந்தன. முறுக்கைத் தாங்கும் விறைப்பும் அதற்கு இல்லை. மலை இடுக்கில் காற்று கீழிருந்தும் சாய்வாக மோதும். ஐஜாயில் சாலையைத் தாங்குவது ஆழமான எஃகுச் சட்டகம். அதன் இடைவெளிகளில் காற்று புகுந்து போகும், முறுக்கும் எளிதில் ஏறாது.

கட்டும் வழியையும் மலைதான் முடிவு செய்கிறது. பாலத்தின் துண்டுகளை ஆற்றுப் படகில் ஏற்றிவந்து தூக்கிவிடும் வசதி இங்கே கிடையாது. ஐஜாயில் தொங்குகம்பிகளின் அடியில் கயிறுகளைத் தண்டவாளம்போல் கட்டி, சட்டகத் துண்டுகளை அதன்மேல் நகர்த்திக்கொண்டு போனார்கள். சீனாவின் ஹூபே மாகாணத்திலுள்ள சிடு ஆற்றுப் பாலத்தில் முதல் கயிற்றை எதிர்க்கரைக்கு அனுப்ப ராக்கெட்டே ஏவப்பட்டது.

ஆக, ஒரு மலைப்பாலத்தின் வரைபடத்தை இன்னொரு மலைக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. பாறையில் விரிசல் எங்கே, சரிவு நழுவுமா, காற்று எந்தத் திசையில் ஏறுகிறது என்பதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகே கோபுரத்தின் இடம் முடிவாகும். வடத்தின் கணக்கு அதற்குப் பின்னால்தான்.