வர்க்கலைக் குன்றின் அடியில் நடக்கப் போகிறவர்கள் அறிய வேண்டியவை

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், வர்க்கலையில், கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் குன்றை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலிலும் 2025 செப்டம்பரில் அது இடம்பெற்றது. உச்சியில் செம்புரைக்கல், அதற்குக் கீழே மணற்கல்லும் களிமண்ணும், நடுநடுவே பழுப்பு நிலக்கரிப் பட்டைகள் என்று அடுக்குகள் வெறும் கண்ணுக்கே தெரியும். இவை மயோசீன், பிளையோசீன் காலங்களில், பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் படிந்தவை. கரிப்பட்டைகளில் இருப்பவை பெரும்பாலும் மரம், இலை, மகரந்தம் போன்ற தாவர எச்சங்கள். கடற்சிப்பிப் படிவங்களைத் தேடுவோர் கொல்லம் அருகே அஷ்டமுடிக் காயலோரம் உள்ள படப்பக்கரைக்குச் செல்ல வேண்டும்.

பயணம்

ஓசூரை அடுத்த கெலமங்கலத்திலிருந்து கிளம்புவோர் ஓசூர்–தருமபுரி இரயில் பாதையில் சேலம் சென்று, அங்கே பெங்களூரு–கன்னியாகுமரி விரைவு வண்டியில் ஏறினால் வர்க்கலை சிவகிரி நிலையத்தில் இறங்கலாம். அப்பகுதி ஆலைத் தொழிலாளர்கள் வார விடுமுறையில் குழுவாக வேன் பிடித்துப் போவதும் உண்டு. அப்படிப் போகும்போது ‘ஓன் போர்டு’ எனப்படும் வெள்ளைப் பலகை வண்டியைத் தவிர்க்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். மஞ்சள் பலகையோடு, மாநில எல்லை தாண்டுவதற்கான சுற்றுலா அனுமதிச் சீட்டும் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆபத்துகள்

முதல் ஆபத்து மேலிருந்து வருகிறது. மழைநீர் செம்புரைக்கல்லிலும் மணற்கல்லிலும் எளிதாக ஊறி இறங்கும். களிமண் அடுக்கு அதைத் தடுத்துவிடும். தேங்கிய நீர் குன்றின் முகத்தில் ஊற்றாகக் கசிய, ஊறிய களிமண் வழுக்கி, மேலே உள்ள பாறையோடு சரிகிறது. அடியை அலை அரிப்பதும், உச்சியில் உள்ள கட்டடங்களின் பாரமும் கழிவுநீரும் சரிவை விரைவுபடுத்துகின்றன. மழை விட்ட பிறகும் சில நாட்களுக்கு இந்த ஆபத்து நீடிக்கும். நடப்பவர் குன்றின் உயரத்துக்குக் குறையாத தூரம் விலகி நடக்க வேண்டும். அந்த அளவு மணல் இல்லையென்றால் கீழே இறங்கவே கூடாது. ஊற்றடியில் நின்று படம் எடுப்பது, கரிப்பட்டையைக் குடைவது, குன்றின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவது ஆகியவை இதே காரணத்தால் ஆகாதவை.

இரண்டாவது ஆபத்து கடல். கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். விடுமுறை நாளை மாற்ற முடியாதவர்கள் நடக்கும் நேரத்தையாவது ஓத அட்டவணை பார்த்து முடிவு செய்யலாம். நீர் வடியும்போது கிளம்பி, மீண்டும் ஏறத் தொடங்குவதற்குள் படிக்கட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் கடல் மணலை அள்ளிச் சென்றுவிடும். அக்டோபர், நவம்பரில் துலாமழை பெய்யும். டிசம்பர் முதல் மார்ச் வரையே ஏற்ற காலம்.

உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமல், தொலைதூரப் புயலால் எழுந்த பேரலை திடீரெனக் கரையேறுவது கள்ளக்கடல். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தைய இரவும், கடற்கரையில் இறங்கும் முன்பும் அவற்றைப் பார்ப்பது கட்டாயம்.

உரிமையும் வரம்பும்

கடற்கரை அனைவருக்கும் பொதுவானது, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-ல் எம்.சி. மேத்தா–கமல்நாத் வழக்கில் ஏற்றது. விடுதிக்காரர் வேலி போட்டு அலைவாயை மறித்தால் அதை எதிர்க்க இதுவே அடிப்படை. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல், பாறை தோண்டுவதைத் தடை செய்கிறது.

ஆனால் தொல்லுயிர் எச்சங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. சுரங்க அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட புவிப் பாரம்பரிய மசோதாவின் வரைவு சட்டமாகவில்லை. 2024-ல், முன்னோருக்குச் சடங்கு செய்யும் பலி மண்டபம் அருகே குன்றின் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் இடித்தபோது புவியியல் ஆய்வு நிறுவனம் ஆட்சேபித்தது. நினைவுச் சின்னம் என்ற அறிவிப்பு மட்டும் இடிப்பைத் தடுக்கப் போதவில்லை. எனவே கண்ணில் படும் எச்சத்தை எடுக்காமல், இடம் தெரியும்படி படம் பிடித்துப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதே பொறுப்பான வழி.

தீர்வுகள்

ஆபத்தில் 112, ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரக் காவல்துறைக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. அலையில் சிக்கியவரைக் காப்பாற்ற நீச்சல் பயிற்சி இல்லாதவர் இறங்கக் கூடாது. கயிறோ மிதவையோ வீசி, உயிர்காப்பாளரை அழைக்க வேண்டும்.

பயண ஏற்பாட்டாளரோ விடுதியோ ஏமாற்றினால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அது பலிக்கவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். இதற்காகக் கேரளத்துக்கு அலைய வேண்டியதில்லை. சேவைக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. ரசீதும் பேசிய செய்திகளும் கையில் இருக்க வேண்டும். வாகன விபத்து இழப்பீட்டையும் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்தில் கோரலாம்.

குன்றைக் குடைவது, சட்டவிரோதமாகக் கட்டுவது ஆகியவற்றைக் கேரளக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே பலன் கிடைக்காவிட்டால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 6 மாதம் என்பது அதற்கான காலவரம்பு. இழப்பீடோ சூழல் மீட்போ கோரினால் 5 ஆண்டு.