குரல்நாணுக்குக் கரண்ட், கழுத்துக்குக் காவல்

பழைய மும்பை–புனே சாலையோரத்துப் போபோடியில் குரல் கம்மினால் பழி முதலில் புழுதிக்குப் போகும், அடுத்து மழைக்கு. வெந்நீர், மஞ்சள்பால் என்று வாரங்கள் ஓடும். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவருக்கு மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லையென்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் கருவி விட்டுப் பார்த்தாக வேண்டும். குரல்நாணில் வரும் புற்று கடுகளவு இருக்கும்போதே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் லேசர் அறுவையோ, நம்மவர்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சோ, ஏதாவது ஒன்றே பெரும்பாலோருக்குப் போதும்.

குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. ஆகவே ஆரம்பப் புற்று கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அரிது. ஐந்தாறு சென்டிமீட்டர் சதுரத்துக்குக் கதிர் கொடுத்தால் முடிந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் தாமாகவே தப்பிவிடும். தொண்டையின் மற்ற இடத்துப் புற்றுகளில் அந்தச் சுரப்பிகளைக் காப்பதே பெரிய போராட்டம். நவி மும்பை கார்கரில் உள்ள டாடா மெமோரியலின் ஆக்ட்ரெக் மையம் தலை-கழுத்துப் புற்று நோயாளிகள் 60 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டது. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றித் தரும் ஐஎம்ஆர்டி முறையில் உமிழ்நீர்ச் சுரப்பி கணிசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் 59 சதவீதம். முந்தைய முப்பரிமாண முறையில் 89.

குரல்நாண் புற்றில் கவலை வேறு. இரண்டு பக்கமிருந்தும் பாயும் கதிர், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனிகளைக் கடந்தே உள்ளே போகிறது. குணமானவர் இன்னும் இருபது வருடம் வாழக்கூடியவர். புகைபிடித்தவரென்றால் அவர் தமனியில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கலாம். ஐஎம்ஆர்டியால் தமனிக்குப் போகும் டோஸை நன்றாகவே குறைக்கலாம். அதனால் பக்கவாதம் குறைகிறதா என்பதற்கு உறுதியான நீண்டகாலச் சான்று இனிமேல்தான் வரவேண்டும்.

கதிரை இப்படி ஒதுக்குவதில் ஒரு சிக்கல் உண்டு: எச்சில் விழுங்கினால் குரல்வளை மேலே ஏறி இறங்கும். முகத்தில் மாட்டும் வலை மாஸ்க் தலையைப் பிடிக்குமே தவிர விழுங்குவதைத் தடுக்காது. கதிரின் எல்லையை ரொம்ப இறுக்கினால் தமனி பிழைக்கும், புற்றும் பிழைக்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பாதித்த ஒரு குரல்நாணுக்கு மட்டும் 16 தடவையில் கதிர் கொடுக்கிறார்கள். தினமும் ஸ்கேன் எடுத்துச் சரிபார்க்கும் வசதியும் கைப்பழக்கமும் இல்லாத இடத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டாம் என்பேன். மெஷினின் விலையை விசாரிப்பதைவிட, “விழுங்குற அசைவுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கீங்க, டாக்டர்?” என்று கேட்பது உபயோகம்.

நாள் தவறாமல் போவதும் சிகிச்சைதான். ஜப்பானில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், தினம் 2 கிரே (கதிர் டோஸின் அலகு) பெற்றவர்களில் 77 சதவீதத்தினருக்கு ஐந்தாண்டுக்குப் பிறகும் புற்று அடங்கியிருந்தது, 2.25 கிரே கொடுத்து சீக்கிரமே முடித்தபோது 92. சிகிச்சை இழுத்தால் எஞ்சிய செல்கள் பெருகும். ஆரம்பநிலைக்குப் பொதுவாக 63 கிரேயை 28 தடவையாகப் பிரிப்பார்கள். வாரம் ஐந்து நாள் என்றால் ஐந்தரை வாரம் அலைச்சல். 2023 ஆகஸ்டிலிருந்து போபோடியில் புனே மெட்ரோ ஏறி, சிவில் கோர்ட்டில் மாறி, ரூபி ஹால் கிளினிக் ஸ்டேஷனில் இறங்கலாம். அந்த மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவு உண்டு.

அந்த வாரங்களில் பீடியைத் தொடக் கூடாது. புகை வீக்கத்தையும் கூட்டும், கதிரின் பலனையும் குறைக்கும். தைராய்டின் ஒரு பகுதிக்கும் கதிர் படக்கூடுமென்பதால், முடிந்த பிறகு அவ்வப்போது டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையும், முதல் இரண்டு வருடம் சில மாதங்களுக்கு ஒருமுறை குரல்நாண் பரிசோதனையும் தேவை. புற்று திரும்பினால் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் திரும்புகிறது. சீக்கிரம் தெரிந்தால் அப்போதும் அறுவைக்கு வழியிருக்கிறது.