கடன் அனுமதியின் கெடு கடந்துவிட்டால்

வீடு வாங்கக் கருதும் அங்கத்தினருக்கு, வங்கியிலிருந்து கடன் அனுமதிக் கடிதம் வரும் நாள் பெருமகிழ்ச்சிக்குரிய நாளாகும். ஆயின் அக்கடிதத்தின் நிபந்தனைகளுக்கிடையே ஒரு தேதியும் குறிக்கப்பட்டிருக்கும். அத்தேதிக்குள் கடன்தொகை பெறப்படாவிடில் அனுமதி செல்லாது என்பதே அதன் பொருள். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதமே இக்கெடு அளிக்கப்படுகிறது. கெடு கடந்தபின் அங்கத்தினர் செய்யத்தக்கது யாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

‘ஒருமுறை கொடுத்த வாக்கை வங்கி மாற்றலாமா?’ என்று சிலர் நம்மைக் கேட்பதுண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, காலம் குறித்து ஒருவர் தெரிவிக்கும் விருப்பம், அக்காலத்துக்குள் ஏற்கப்படாவிடில் தானே அற்றுப்போகும். எனவே கெடு கடந்த கடிதத்தைக் காட்டிப் பணம் கேட்க உரிமையில்லை. இவ்வாறு கெடு வைப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வட்டி. ரிசர்வ் வங்கி ஏனைய வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி, 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாயிற்று. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரையில் அது 5.5 ஆக இறங்கியது. ஆகவே புதிய அனுமதியில் வட்டி ஏறவும் கூடும்; இறங்கவும் கூடும். 10 லட்சம் ரூபாய்க்கு 20 ஆண்டுத் தவணை 8.5 சத வட்டியில் மாதம் 8,678 ரூபாய், 9.5 சதமாயின் 9,321 ரூபாய். மாதம் 8,678 ரூபாய்க்கு மேல் கட்ட இயலாதவர் என்று வங்கி ஒருவரை மதிப்பிட்டால், 9.5 சத வட்டியில் அவருக்கு ஏறத்தாழ 9,31,000 ரூபாயே கிடைக்கும். குறையும் 69,000 ரூபாயை அவரே தேட வேண்டும்.

இரண்டாவது, வருமானம். நம் பகுதியில் வருமானம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. மானாவாரிப் பருத்தியும் மிளகாயும் மழையைப் பொறுத்தவை. தீபாவளிக்குப்பின் பட்டாசு ஆலைகளில் வேலை குறைவது வழக்கம். 2018 அக்டோபர் 23ஆம் நாள் பட்டாசு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், சிவகாசிப் பகுதி ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. அத்தகைய வேளையில் அனுமதி காலாவதியானால், வங்கி வருமானத்தை மீண்டும் பரிசீலிக்கும். இடையில் வாங்கிய நகைக்கடனும் வண்டிக்கடனும் அப்பொழுது கணக்கில் ஏறும்.

மூன்றாவது, சொத்தின் நிலை. வில்லங்கச் சான்று எடுத்த நாளுக்குப்பின் அச்சொத்து அடமானமாகியிருக்கலாம், வழக்கில் சிக்கியிருக்கலாம். ஆதலின் புதிய சான்று கேட்கப்படும்.

இனி, இதில் அங்கத்தினருக்கு நேரக்கூடிய நஷ்டம் எங்கே உள்ளது என்று பார்ப்போம். அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் 15 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டைப் பேசி, 1,50,000 ரூபாய் முன்பணம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். பட்டா, விற்பவரின் காலஞ்சென்ற தந்தை பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்று பெற்றுப் பட்டா மாற்றுவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. வங்கியின் கெடு முடிகிறது. கிரய உடன்படிக்கையின் கெடுவும் நெருங்குகிறது. இரு கெடுக்களுக்கும் நடுவே அகப்பட்டிருப்பது அவர் தறியில் உழைத்துச் சேர்த்த முன்பணமே.

உடன்படிக்கையை நிறைவேற்றக் கோரி நீதிமன்றம் செல்ல, குறித்த நாளிலிருந்து மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஆயினும், தாம் கிரயம் முடிக்க ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்ததை வாங்குபவர் மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. நடப்பிலுள்ள கடன் அனுமதி அதற்கு நல்ல சாட்சியாகும். காலாவதியான கடிதம் அவ்வளவு துணை செய்யாது.

ஆகவே அங்கத்தினர் பின்வருமாறு நடந்துகொள்ளுதல் நலம்.

கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்பொழுதே, தாமதத்தின் காரணத்தை எழுதி, கால நீட்டிப்புக் கோரி வங்கிக்கு மனுச் செய்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்மொழி போதாது. நீட்டிப்பு எழுத்தில் வரவேண்டும்.

கெடு கடந்துவிட்டால், பழைய மனுவையே புதுப்பிக்க இயலுமா, பரிசீலனைக் கட்டணமும் சொத்து மதிப்பீட்டுக் கட்டணமும் மீண்டும் உண்டா என்று கேட்க வேண்டும். சங்கத்தின் கூலிப் பட்டியல், பாஸ் புத்தகம், புதிய வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருந்தால் காலம் மிச்சமாகும்.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, வட்டி, கட்டணம், தவணை அனைத்தையும் காட்டும் முக்கிய விவர அறிக்கையை, கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. வீட்டுக்கடனுக்கு அவ்வறிக்கை குறைந்தது மூன்று வேலை நாட்கள் செல்லும். அதற்குள் ஒப்புக்கொண்டால் அந்நிபந்தனைகள் வங்கியைக் கட்டுப்படுத்தும். அதில் காணாத கட்டணத்தை நமது வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கலாகாது. புதிய அனுமதி பெறுவோர் இவ்வறிக்கையைக் கேட்டு வாங்கி, பழைய கடிதத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம்.

வங்கியிடம் அவகாசம் கேட்கும் அதே வாரத்தில் விற்பவரிடமும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய உடன்படிக்கை பதிவு செய்யப்பட வேண்டியதாகும். எனவே அதன் கெடுவை நீட்டிப்பதையும் இருதரப்பும் கையொப்பமிட்ட பத்திரமாக எழுதிப் பதிவு செய்துகொள்வதே பத்திரமான வழி.

இனிமேல் வீடு பேசுவோர், பத்திரங்களை வழக்கறிஞர் பார்த்தபின் முன்பணம் கொடுக்கட்டும். அனுமதி கிடைக்காவிடில் முன்பணம் திருப்பித் தரப்படும் என்ற ஷரத்தையும் உடன்படிக்கையில் சேர்க்கட்டும். வங்கி முழுக்கிரயத்தையும் தருவதில்லை. 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமே உச்சவரம்பு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 15 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1,35,000 ரூபாய் தனியே வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கெடு முடிகிறதே என்ற பதைப்பில் கந்துவட்டிக்கு வாங்கிக் கிரயத்தை முடிப்போர் சிலர் உளர். வங்கிக் கடன் பின்னர் வரும் என்ற நம்பிக்கையில் இதைச் செய்கின்றனர். அக்கடன் குறைந்தாலோ மறுக்கப்பட்டாலோ, வாங்கிய வீடே வட்டிக்குப் போய்விடும். முன்பணத்தில் ஒரு பகுதி போனாலும் மீண்டும் சேர்க்கலாம். தீரா வட்டியில் சிக்கிய குடும்பம் மீள்வது அரிது. இரண்டு தேதிகளையும் சங்கப் பாஸ் புத்தகத்தின் அட்டையிலேயே குறித்து வைப்பீர்களாக.