கறுப்பு மருதாணி: கையில் அழிந்தாலும் உடம்பு மறக்காது

ஜார்ஜ்டவுன்: தீபாவளி நெருங்கினால் லிட்டில் இந்தியாவில் மருதாணி மேசைகள் முளைத்துவிடும். பிள்ளைகள் கையை நீட்டியதும் வரும் கேள்வி, "சிவப்பா, கறுப்பா?" சீக்கிரம் பிடிக்கும் என்பதால் பலர் கறுப்பையே கேட்கிறார்கள்.

மருதாணி இலையில் கறுப்புச் சாயம் கிடையாது. அதிலுள்ள லாசோன் என்ற நிறமி தோலின் மேலடுக்கில் ஒட்டி, முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து, ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாகும். நம் பாட்டிமார் இரவு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு தூங்கியது அதற்காகத்தான். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது 'பிபிடி' எனப்படும் பாரா-பினைலின்டயமின், அதாவது தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் இரசாயனம்.

ஐரோப்பிய ஒன்றியம் முடிச் சாயத்திலேயே இதை 2 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. தோலில் பூசவே கூடாது என்கிறது. வெளிநாடுகளில் சோதித்த கறுப்பு மருதாணி மாதிரிகள் சிலவற்றில் 15 விழுக்காட்டுக்கு மேலும் இருந்திருக்கிறது. பெயர் ஒட்டாத கூம்பில் எவ்வளவு இருக்கிறது என்பது போட்டுவிடுபவருக்கே தெரியாது.

"போன வருஷம் போட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஆபத்தே அங்கேதான். முதல் தடவை உடம்பு அந்த இரசாயனத்தை எதிரியாகப் பதிவு செய்துகொண்டு சும்மா இருந்துவிடலாம். அடுத்த தடவை ஓரிரு நாளில் அரிப்பு, வீக்கம், கொப்புளம் எல்லாம் கோலத்தின் வடிவத்திலேயே எழும்பும். ஆறிய பிறகும் சிலருக்கு வெளுத்த தடமோ தழும்போ மாதக்கணக்கில் நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை, இந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுளுக்கும் போகாது. பத்து வயதில் போட்ட கறுப்புக் கோலத்துக்கு நாற்பது வயதில் நரைமுடிக்குச் சாயம் பூசும்போது முகம் வீங்கலாம். சில துணிச் சாயங்களும், பென்சோகேய்ன் கலந்த மரப்பு மருந்தும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கைக்குழந்தைகள் விஷயம் வேறு. நம் நாட்டில் பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு அசல் மருதாணியும் ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள்காமாலை வரலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

ஒட்டுப்பொட்டிலும் கவனம் தேவை. அதன் பசையிலுள்ள சில இரசாயனங்களால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுவதுண்டு. அரிப்பு தொடங்கியதுமே நிறுத்திவிட வேண்டும்; இடத்தை மாற்றி ஒட்டுவது தீர்வாகாது.

கடையில் வாங்கும் அழகுப் பொருளின் உறையில் 'என்ஓடி' எனத் தொடங்கும் அறிவிப்பு எண்ணைத் தேடுங்கள். சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். மருதாணி என்றால் இலையை வாங்கி அரைப்பதே நல்லது. மருதோன்றி, அழவணம் என்று தமிழில் அதற்குப் பழைய பெயர்கள் உண்டு. 'கறுப்பு' மட்டும் புதிது.

கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காதீர்கள். எஞ்சிய பசையைக் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கறுப்பு மருதாணி போட்டதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு சலூனில் முடிச் சாயம் பூச உட்காரும்போதும் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.