சாவி கொடுக்கும் முன்னே

"தனியா இருக்கிற பொண்ணு, வேண்டாம் மாமி. நல்ல ஃபேமிலியாப் பார்த்துத் தர்றேன்" என்றார் தரகர். ஸ்ரீவராகம் கோயில் குளத்துக்குப் பக்கம் என் வீடு. கீழே நான், மாடியில் வாடகைக்காரர். அந்த வாடகையில்தான் என் மருந்துச் செலவு ஓடுகிறது.

வந்தவள் நாகர்கோவில் பெண், நர்ஸ். அதுவரை கரமனையில் குடியிருந்திருக்கிறாள். அந்த வீட்டுக்காரம்மாவின் நம்பரை வாங்கி, எல்லாரிடமும் கேட்பதையே கேட்டேன்: "மறுபடி வந்தா வீடு கொடுப்பேளா?" பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் கவனிப்பேன். அந்த அம்மா யோசிக்கவேயில்லை. "கொடுக்காம? நாளைக்கே வரச் சொல்லுங்கோ!"

4 வருஷமாக வாடகை 5-ஆம் தேதியைத் தாண்டியதில்லை.

ஏன் முன்னாலேயே இவ்வளவு விசாரிக்கிறேன் என்றால், 11 மாத ஒப்பந்தம் முடிந்தால் ஆள் தானே கிளம்பிவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் என்று எழுதினால் 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் அந்த 11. காலி செய்யச் சொல்ல கேரளத்தின் 1965 வாடகைச் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும்: பாக்கி, உள்வாடகை, நமக்கே வீடு தேவைப்படுவது போல. பாக்கி என்றால் பதிவுத் தபாலில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், பிறகு கோர்ட். உத்தரவு வந்த பிறகும் ஒரு மாதத்துக்குள் வட்டியும் செலவும் சேர்த்துக் கட்டிவிட்டால் அவர் இருக்கலாம். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. இது நியாயம் என்றே நினைக்கிறேன். குழந்தை குட்டியோடு இருப்பவரை ஒரே நாளில் தெருவில் நிறுத்த முடியுமா?

நான் ஏமாந்தது வேறு இடத்தில். முன்பு ஒருவர் சாவியைக் கொடுத்த அன்றே அட்வான்ஸ் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஏ.சி. ஓடிய கரண்ட் பில் வந்தது. இங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பில். இணைப்பு என் பெயரில். முழுத் தொகையும் நானே கட்டினேன். இப்போது வருகிற அன்றும் போகிற அன்றும் இருவருமாக நின்று மீட்டரைப் படம் எடுக்கிறோம். கடைசி பில்லைக் கழித்துத்தான் மிச்ச அட்வான்ஸ்.

வீடு வைத்திருப்பவர்களே, வேலையை விசாரியுங்கள், பழைய வீட்டுக்காரரிடம் பேசுங்கள். தனியாக வரும் பெண்ணை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்.